பன்முகத்தன்மையை எடை போட்ட வரலாறு

உலகத்தில் எடை போட முடியாதது என்று ஒன்று கிடையாது. எடை போடத் தெரியாதவர்கள்தான் இருக்கிறார்கள். இந்த மகத்தான உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு காலத்தின் கட்டாயத்தால் என் தலையில் விழுந்தது. ஒரு நகராட்சிப் பள்ளியின் பன்முகத்தன்மையையும் கல்வித்தரத்தையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து நிறுத்துப் பார்த்த முதல் தகப்பன் நான்தான். இந்தப் பெருமைக்கு வேறு யாரும் உரிமை கோரியதாக இதுவரை தகவல் இல்லை.

இதற்கான தகுதி எனக்கு உத்தியோக ரீதியாகவே இருந்தது. நான் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய், தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது என் வேலை. பெட்டியில் படிக்கற்கள், பையில் முத்திரை, முகத்தில் சந்தேகம். வியாபாரி சிரித்துக்கொண்டே "வாங்க சார்" என்றால் அந்தத் தராசை இரண்டு தடவை சோதிப்பேன். இருபத்திரண்டு வருஷமாக முள் நடுவில் நிற்காத எந்தத் தராசுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே மகள். சுட்டி என்று கூப்பிடுவோம். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வருஷம் வந்தது. எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இரண்டு நகராட்சிப் பள்ளிகள் இருந்தன.

ஒன்று மேட்டுப் பள்ளி. அங்கே தொண்ணூறுக்குக் கீழே மார்க் வாங்குகிற பிள்ளையை மற்ற பிள்ளைகள் சூழ்ந்து நின்று துக்கம் விசாரிக்குமாம். சேருவதற்கு ஒரு பரீட்சை உண்டு. அந்தப் பரீட்சைக்கு ஒரு வருஷ ட்யூஷன் உண்டு. ஆனால் பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே பை, ஒரே கண்ணாடி, விசாரித்தவரையில் ஒரே இருமல். இன்னொன்று பாலத்தடிப் பள்ளி. அங்கே மார்க் சுமார். ஆனால் பஸ் டிரைவர் பிள்ளை, மீன் கடைக்காரர் பிள்ளை, பேராசிரியர் பிள்ளை, எங்கிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவர் பிள்ளை என்று எல்லாம் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருக்கிறாள். எதையும் ஒரே பார்வையில் படித்துவிட்டு அடுத்த சீட்டை நீட்டச் சொல்லும் பழக்கம் அவளுக்கு.

"பாலத்தடி நடக்கற தூரம்தான். நூல்கண்டும் அங்கதான் சேரப் போறா. ரெண்டும் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடும். இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றாள்.

நூல்கண்டு என்பது எங்கள் கட்டடத்துக்குக் கீழே கடை வைத்து அங்கேயே குடியிருக்கும் தையல்காரம்மாவின் மகள். சுட்டியும் அவளும் மூன்று வருஷமாகத் தையல் மெஷினுக்கு அடியில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில் யார் ஜன்னல் ஓரம், யார் உள்பக்கம் என்பது வரைக்கும் சண்டை போட்டு, சமாதானமாகி, ஒப்பந்தமும் ஆகியிருந்தது.

"முடிவு அதுவாகவே இருக்கலாம்" என்றேன் பெருந்தன்மையுடன். "ஆனா ஆய்வு இல்லாம நான் ஒரு படிக்கல்லைக்கூடத் தொடமாட்டேன்."

"பண்ணுங்க பண்ணுங்க. அவ காலேஜுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடுங்க."

சுட்டி ஏற்கெனவே மேட்டுப் பள்ளிப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அங்கே அவளுக்கு ஒரு இடம் காத்திருந்தது. பள்ளி திறந்த பின் வரும் முதல் வெள்ளிக்கிழமை வரை செல்லும் என்று கடிதமும் வந்திருந்தது. பரந்த மனம் படைத்தவனுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?

நேரடி ஆய்வுக்காக மூன்று நாள் லீவு போட்டு, பாலத்தடிப் பள்ளி வாசலில் நோட்டும் கையுமாக நின்றேன். வாசலில் பெற்றோர் பிள்ளைகளைத் திட்டும் முறைகளை எண்ணினேன். மொத்தம் ஒன்பது விதமாகத் திட்டினார்கள். அதில் நான்கு எனக்குப் புரியவே இல்லை. பன்முகத்தன்மைக்கு முழு மதிப்பெண் போட்டேன். கல்வித்தரத்தை அளக்க, வெளியே வந்த ஒரு சிறுமியை நிறுத்தி, "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு?" என்றாள். "ஆராயும் மனப்பான்மை: உண்டு. விடை: நிலுவையில்" என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காவலாளி என் சட்டைக் காலருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், மூணு நாளா பார்க்கறேன். பிள்ளைங்களைப் பார்க்கறீங்க, எழுதறீங்க. யாரு நீங்க?"

"எடையளவு ஆய்வாளர்."

"இங்க பிள்ளைங்களை எடை போட்டா விக்கறோம்?"

"நான் பன்முகத்தன்மையைப் பார்க்க வந்திருக்கேன்."

அவர் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க. எத்தனாம் வகுப்பு? கூப்பிடச் சொல்றேன்."

அடுத்த கட்டமாகக் கூட்டம். எங்கள் அடுக்குமாடியில் ஒன்றாம் வகுப்புக்குத் தயாரான பிள்ளைகள் பதினொன்று. பதினொரு குடும்பமும் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'பன்முகத்தன்மை மற்றும் கல்வித்தரச் சமநிலைக் குழு'வைத் தொடங்கினோம். தலைவர் பதவியை நான் மூன்று முறை மறுத்தேன். நான்காவது முறை யாரும் கேட்காததால் நானே ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாம் மாடிப் பல் டாக்டர் முதலில் பேசினார். "பன்முகத்தன்மைங்கறது பல்லு மாதிரி. எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருந்தா மெல்ல முடியாது. வேற வேற மாதிரி இருக்கணும். ஆனா வரிசையா இருக்கணும்."

கைதட்டல்.

பேங்க் மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வித்தியாசமான பிள்ளைங்க வேணும். அதுல ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனா அவங்க ரொம்ப வித்தியாசமா இருந்தா, நம்ம பிள்ளைங்களும் வித்தியாசமா ஆயிட மாட்டாங்களா?"

"நல்ல கேள்வி" என்று எழுதிக்கொண்டேன்.

சிக்கலை அவிழ்த்தவர் வக்கீல்தான். "இதுல மோதலே இல்லைங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல பன்முகத்தன்மை ரெடியா இருக்கு, தரம் குறைவு. நம்மகிட்ட தரம் இருக்கு. நாம தரத்தைக் கொண்டு போவோம், பன்முகத்தன்மையை அவங்க குடுக்கட்டும். ரெண்டு தரப்புக்கும் லாபம்."

இவ்வளவு எளிமையான நீதியை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. பதினொரு பிள்ளைகளும் பாலத்தடிப் பள்ளியில் சேர்வது என்றும், பன்முகத்தன்மைக்கு நடுவில் தனித்துவிடப்பட்டுப் பயந்துவிடாமல் இருக்க எல்லாரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சிலேயே உட்காருவது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலையிலேயே பத்துக் குடும்பங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டன. நான் மட்டும் கொடுக்கவில்லை. தலைவர் அவசரப்படக் கூடாது. என் தராசில் முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அது ஆடிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மாலை, தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மாடிக்கு வந்தார்.

"சார், பாலத்தடியில ஃபாரம் வாங்கியாச்சு. எல்லாம் எழுதியும் ஆச்சு. வாடகைப் பத்திரம் இல்லாதவங்க, இந்த விலாசத்துலதான் இருக்காங்கன்னு ஒரு ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம். எனக்குத் தெரிஞ்ச ஆபீசர் நீங்கதான்."

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.

"நீங்க கீழ இருக்கறது எனக்குத் தெரியும்" என்றேன். "ஆனா தெரிஞ்சிருக்கறது வேற, சான்று கொடுக்கறது வேற."

"தினம் ரெண்டு வேளை என் கடையைத் தாண்டித்தானே சார் போறீங்க?"

"தாண்டிப் போறேன். உள்ள வந்து ஆய்வு செய்ததில்லையே."

அவர் கழுத்து நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இடம் நிறைய இல்லையாம் சார். வர்ற வரிசைப்படிதான் எடுப்பாங்களாம். இங்க கிடைக்கலைன்னா மில் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான். ரெண்டு பஸ் மாறணும். கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர நான் ஒருத்தி, மெஷினை யாரு மிதிப்பா? இந்த வருஷம் அவளை வீட்டுலயே வச்சுக்க வேண்டியதுதான். அவ உங்க சுட்டியோட போறேன்னு பையைக்கூட மாட்டிக்கிட்டுத் தூங்கறா."

என் கண் லேசாகக் கலங்கியது உண்மை. ஆனால் கண்ணீரை நம்பி முத்திரை குத்தினால் துறை என்ன ஆகும்? "வச்சிட்டுப் போங்கம்மா. முறைப்படி பார்க்கறேன்" என்றேன்.

அவர் இறங்கிப் போனதும் பொது அறிவுக்காகப் பள்ளிக் குமாஸ்தாவுக்கு ஒரு போன் போட்டேன்.

"நாப்பது இடத்துல முப்பத்தொன்பது முடிஞ்சுது சார். ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

அந்தக் கணமே என் தராசில் முள் நின்றது. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் ஒரு முள் இவ்வளவு சடாரென்று நின்று நான் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை காலை குமாஸ்தா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சுட்டியின் விண்ணப்பத்தை நீட்டினேன். எண் நாற்பது.

தையல்காரம்மாவின் பேப்பரை நான் மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை நானே நேரில் கடைக்குப் போனேன். கதவு எண்ணைச் சரிபார்த்தேன். மெஷின் இருப்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தேன். பிறகு ஒரு துளி பாரபட்சமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் கும்பிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார். அந்த நன்றி மட்டும் என்னை இரண்டு நாள் உறுத்தியது. மற்றபடி என் மனசாட்சி சுத்தமாகவே இருந்தது.

நூல்கண்டுக்குக் கிடைத்தது எண் நாற்பத்தொன்று. காத்திருப்போர் பட்டியலில் முதலிடம்! எங்கள் கட்டடத்திலிருந்து ஒரு பிள்ளை ஏதோ ஒன்றில் முதலிடம் பிடித்ததே என்று நான் மனப்பூர்வமாக மகிழ்ந்தேன். என் மனைவி மகிழவில்லை.

"வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டிருந்தா?" என்றாள்.

"விதிமுறை..."

"நான் விதிமுறையைக் கேக்கலை. போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன்."

நான் அன்று சீக்கிரமாகவே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

பாலத்தடிப் பள்ளிக்குச் சீருடை தைப்பவர் தையல்காரம்மாதான். நாற்பது பிள்ளைகளுக்கும் அவரே தைத்தார். சுட்டிக்கு அளவு பார்க்கப் போனபோது, சுவரில் ஒரு சின்னச் சீருடை மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, இது யாருது?" என்று கேட்டாள் சுட்டி.

"அது சாம்பிள் கண்ணு."

மெஷினுக்கு அடியிலிருந்து நூல்கண்டு, "பொய்! அது என்னுது. பட்டன்கூட நான்தான் எடுத்தேன்" என்றாள்.

தையல்காரம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரு அதிசயம் பாருங்க சார். போன வருஷம் வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அளவு. ஒண்ணு குச்சி, ஒண்ணு குண்டு, ஒண்ணு வயசுக்கு மீறின உயரம். வெட்டி முடிக்கறதுக்குள்ள கண்ணு பூத்துடும். இந்த வருஷம் எல்லாப் பிள்ளையும் ஒரே அளவு சார். ஒண்ணை வெட்டி அப்படியே அடுக்கிட்டேன். எனக்கு வேலை மிச்சம்."

பள்ளியின் தரம் இவ்வளவு சீக்கிரம் சீராகத் தொடங்கிவிட்டதே என்று நான் வியந்தேன்.

பள்ளி திறந்தது. முதல் நாள் மாலை சுட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வறிக்கை கேட்டேன்.

"உன் பெஞ்சுல யாரெல்லாம்?"

"பல் டாக்டர் மாமா பையன். பேங்க் மாமா பொண்ணு."

"முன் பெஞ்சுல?"

"வக்கீல் மாமா பையன்."

"வித்தியாசமா யாருமே இல்லையா?"

வெகுநேரம் யோசித்தாள். "ஒருத்தன் இடது கையால எழுதறான்ப்பா."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அவள் அத்தோடு நிறுத்தவில்லை. "அப்பா, நூல்கண்டு எப்போ வருவா? ஜன்னல் ஓரத்தை நானே வேணாம்னு சொல்லிட்டேன். அவளுக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். டீச்சர் வேற ஆளை உட்கார வச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

என் மனைவி மேட்டுப் பள்ளிக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இது செல்லும். என் ஆஸ்பத்திரிக்குப் போற வழிதான். நானே கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன். நம்ம பொண்ணுக்கு ரெண்டு இடம் இருக்கு. அந்தக் குழந்தைக்கு ஒண்ணு கூட இல்லை."

"சுட்டியும் நூல்கண்டும் பிரிஞ்சிடுவாங்களே!"

"இப்ப மட்டும் சேர்ந்தா இருக்காங்க? சாயந்திரம் மெஷினுக்கு அடியில பார்த்துக்கும்ங்க ரெண்டும். முதல்ல அது படிக்கட்டும்."

"நீ உணர்ச்சிவசப்படறே. ஒரே மாதிரி பிள்ளைங்க படிக்கற மேட்டுப் பள்ளிக்கு என் மகளை அனுப்பினா, நான் இவ்வளவு நாள் கட்டிக் காத்த கொள்கை என்னாகும்? பன்முகத்தன்மையை விட்டுக்கொடுத்தவன்னு உலகம் பேசாதா?"

"பேசற அளவுக்கு உலகத்துக்கு உங்களைத் தெரியாதுங்க" என்றாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் இடத்தை விட்டுக்கொடுக்க முடியும் என்பது விதி. போட்டவன் நான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. தப்பித் தவறி எங்கள் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்கே வந்துவிட்டேனோ என்று தோன்றியது. எங்கள் ஆட்கள் பதினொரு குடும்பம். மற்ற முகங்களும் எங்கள் முகங்களாகவே இருந்தன. அதே மாதிரி சட்டை, அதே மாதிரி கவலை. விசாரித்தால், சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று அடுக்குமாடிகளில் இதே பெயரில் குழு அமைத்திருக்கிறார்களாம்! எங்கள் தீர்மானத்தின் வாசகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. "தரத்தை நாம கொண்டு போவோம்" என்று அவர்களும் கிளம்பி வந்திருக்கிறார்கள். நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் தரத்தைக் கொண்டுவந்திருந்தோம்.

நான் தலைவன். எழுந்து கேட்க வேண்டியது என் கடமை.

"மேடம், நாங்க இந்தப் பள்ளியைத் தேடி வந்ததே பன்முகத்தன்மைக்காகத்தான். ஒரு வாரமா எங்க பிள்ளைங்க எங்க பிள்ளைங்களையேதான் பார்த்துக்கிட்டு இருக்காங்க. எங்க மேடம் பன்முகத்தன்மை?"

"இது பெற்றோருக்கு இழைக்கப்பட்ட அநீதி" என்றார் வக்கீல்.

தலைமை ஆசிரியை மெலிந்த உருவம், தொண்டை கட்டிய குரல். கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்தார்.

"நாற்பத்தொண்ணு, தையல்காரர் மகள். நாற்பத்திரண்டு, பஸ் டிரைவர் மகன். நாற்பத்துமூணு, மீன் கடைக்காரர் மகள். நாற்பத்துநாலு, கட்டட வேலைக்கு வந்தவங்க பையன். இப்படி அறுபத்துமூணு வரைக்கும் போகுது. நீங்க கேட்டது காத்திருப்போர் பட்டியல்ல இருக்குங்க. வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உட்காரத்தான் இடம் இல்லை."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு இந்தப் பட்டியலை மூடி மேலிடத்துக்கு அனுப்பணும். அதுக்கப்புறம் இந்த வருஷம் யாரையும் சேர்க்க முடியாது. உங்கள்ல சில பேருக்கு வேற பள்ளிக்கூடத்துலயும் இடம் இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் எழுந்து 'நான் விட்டுக்கொடுக்கறேன்'னு சொன்னாப் போதும். ஒரு குழந்தை திங்கட்கிழமை உள்ள வந்து உட்கார்ந்துடும்" என்றார்.

மணி மூன்று ஐம்பது. பல் டாக்டர் பேங்க் மேனேஜரைப் பார்த்தார். பேங்க் மேனேஜர் கூரையைப் பார்த்தார். வக்கீல் செல்போனைத் தடவ ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, சத்தமில்லாமல் என் முழங்கால் மேல் வைத்தாள்.

 மெஷினுக்கு அடியிலிருந்து "அது என்னுது" என்ற குரல் காதில் கேட்டது. எழுந்தேன். மண்டபம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார். என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வையை, கல்யாணமான வருஷத்துக்குப் பிறகு நான் இப்போதுதான் பார்த்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நம் கண்ணைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அவர்களுக்கு எங்கள் குழுவின் சார்பில் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். வாசலில் நிற்கும் அந்த இருபத்துமூன்று குழந்தைகளுக்கும் நம் இதயத்தில் என்றென்றும் இடம் உண்டு என்று இந்த மாமன்றம் உறுதி கூறுகிறது!"

இவ்வளவு நிம்மதியான கைதட்டலை நான் கேட்டதே இல்லை. பல் டாக்டர் எழுந்து நின்று தட்டினார். பேங்க் மேனேஜர் எழுந்தார். வக்கீல் எழுந்து "பிரமாதம்" என்றார். வரிசை வரிசையாக மண்டபமே எழுந்து நின்று தட்டியது. என் மனைவி ஒருத்திதான் உட்கார்ந்தபடி இருந்தாள். கைதட்டல் ஓய்ந்தபோது மணி நான்கு.

தலைமை ஆசிரியை பேனாவை மூடினார்.

"இத்தனை பேர் எழுந்துட்டீங்க" என்றார். "நான் கேட்டது ஒருத்தரைத்தான்."

நாங்கள் எல்லாரும் உடனே உட்கார்ந்துவிட்டோம்.